இலங்கை மலையகத்துச் சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குக் கைகொடுக்க வருகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கனடாவில் இருக்கும் பழைய பேட்ச் நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் கேட்டான்: “மச்சான், டிசம்பரில ரெண்டு கிழமை லீவு. நாலு சேர்ஜன்மார் வாறம். உங்கட பக்கம் ஒரு தியேட்டர் ஒழுங்குபண்ணித் தா. ஹேர்ணியா லிஸ்ட் முழுக்க முடிச்சுத் தாறம்.”

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “மயக்க மருந்து யார் குடுக்கிறது?”

மூன்று நாளாகப் பதில் இல்லை. அப்புறம் வந்தது: “அதுக்கு உங்கட ஆக்கள் இருக்கினம்தானே?”

இருக்கிறோம். ஆனால் அந்த ‘ஆக்கள்’ என்பது, எங்கள் ஆஸ்பத்திரியில் அப்போது மயக்க மருந்துப் பிரிவில் இருந்த இரண்டு மருத்துவ அதிகாரிகள். பிரசவ அறையிலிருந்து அவசர சிசேரியன் வந்தாலும் நாங்கள்தான். விபத்தில் கால் நொறுங்கி வந்தாலும், தீவிர சிகிச்சைப் பிரிவில் யாருக்காவது மூச்சுவிடக் குழாய் போட வேண்டுமென்றாலும் நாங்கள்தான். நான்கு சேர்ஜன்மார் காலையிலிருந்து மாலைவரை ஹேர்ணியா செய்தால், அந்த இரண்டு கிழமையும் பிரசவ அறைக்கு யார் ஓடுவது? நண்பன் நல்ல மனிதன், கைராசிக்காரன். இதை மட்டும் அவன் யோசித்திருக்கவில்லை.

அவனைப் போல உதவ நினைக்கும் வைத்தியர்கள், தாதியர், மருத்துவ மாணவர்கள், சங்கக்காரர்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். நான் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து, மலையகத்து ஆஸ்பத்திரிகளில் மயக்க மருந்து கொடுத்துக் காலம் தள்ளுகிறவன். ஆகவே இது தியேட்டரில் நோயாளியின் தலைமாட்டில் நிற்கிறவனின் பார்வை.

படி 1: உலகக் கணக்கைப் படியுங்கள், பிறகு ரோட்டைப் பாருங்கள்

2015இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு வெளியிட்ட அறிக்கைதான் இந்தத் துறையின் அரிச்சுவடி. பாதுகாப்பான, கட்டுப்படியாகும் செலவிலான சத்திரசிகிச்சையும் மயக்க மருந்தும் கிடைக்காதவர்கள் உலகில் 500 கோடிப் பேர் என்று அது கணக்குச் சொன்னது. வருடத்துக்கு இன்னும் 14 கோடியே 30 லட்சம் சத்திரசிகிச்சைகள் தேவை என்றது. அதே வருடம் மே மாதம் உலக சுகாதாரப் பேரவையும் 68.15 என்ற தீர்மானத்தை நிறைவேற்றி, அவசர, அத்தியாவசிய சத்திரசிகிச்சையையும் மயக்க மருந்தையும் எல்லோருக்குமான சுகாதாரத்தின் பகுதியாக ஏற்றுக்கொண்டது.

அந்த அறிக்கையில் எனக்குப் பிடித்தது ஓர் எளிய அளவுகோல். சிசேரியன், வயிற்றைத் திறக்கும் சத்திரசிகிச்சை, எலும்பு வெளியே வந்த முறிவுக்கான சிகிச்சை, இந்த மூன்றையும் செய்யக்கூடிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர முடிகிறதா? இந்தக் கேள்வியை மலையகத்தில் கேட்டுப் பாருங்கள். வரைபடத்தில் நுவரெலியாவுக்கும் கண்டிக்கும் சுமார் 75 கிலோமீட்டர்தான். ஆனால் நோயாளியின் பயணம் நுவரெலியா டவுனில் தொடங்குவதில்லை. தோட்டத்து மேற்கணக்கு (மேல் பிரிவு) லயத்தில், இரவு பதினொரு மணிக்கு, மழையில் தொடங்குகிறது. தேயிலைக்கு நடுவே படிக்கட்டில் கம்பளியில் கிடத்தித் தூக்கிவர வேண்டும். லொறி ரோட்டுக்கு வந்த பிறகுதான் ஓட்டோவோ, 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸோ. பிறகு மூடுபனி, ரம்பொடை வளைவுகள்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் அரசாங்க ஆஸ்பத்திரிச் சிகிச்சை இலவசம். மயக்க மருந்து கொடுப்பது வைத்தியர்கள். மயக்கவியல் நிபுணர்களைப் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் உருவாக்குகிறது. அதாவது, வெறும் நிலத்துக்கு நீங்கள் வரவில்லை. டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை இந்திய உதவியில் 150 கட்டிலோடு கட்டப்பட்டு 2017 மே மாதம் திறக்கப்பட்டது. நுவரெலியாவிலும் பதுளையிலும் தியேட்டர்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. குறை இருப்பது ஆள்பலத்தில், உதிரிப்பாகத்தில், தூரத்தில், மொழியில். உங்கள் உதவி இந்த நான்கில் எதைத் தொடுகிறது என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

படி 2: டிக்கட் போடுவதற்கு முன் கடிதம் போடுங்கள்

பெரும்பாலானோர் விமான டிக்கட்டை எடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரியைத் தேடுகிறார்கள். அதைத் தலைகீழாக்குங்கள். முதல் கடிதத்தில் நீங்கள் செய்யப்போவதை எழுத வேண்டாம். கேள்விகளை மட்டும் எழுதுங்கள். என்னிடம் கேட்டால் இவ்வளவு போதும்:

“உங்கள் காத்திருப்புப் பட்டியலில் எந்தச் சத்திரசிகிச்சைக்கு அதிக நாள் ஆகிறது? அதற்குத் தடை ஆளா, மருந்தா, கருவியா, கட்டிலா? நாங்கள் வந்தால் உங்கள் வழமையான லிஸ்டில் எதை நிறுத்த வேண்டி வரும்? நாங்கள் போன மறுநாள் காயத்தைப் பார்ப்பது யார்? நாங்கள் வராமல் அந்தச் செலவை வேறு வழியில் கொடுத்தால் எது உங்களுக்கு உதவும்?”

கடைசிக் கேள்விதான் கசக்கும். ஆறு பேருக்கான விமானச் செலவில் என்னவெல்லாம் செய்யலாம் என்று ஒரு தியேட்டர் மிஸ்ஸிடம் (தாதியிடம்) கேட்டுப் பாருங்கள், நிமிடத்தில் பட்டியல் போட்டுத் தருவார். சரி, கேட்ட பிறகும் வருவதுதான் நல்லது என்று அவர்களே சொன்னால், தாராளமாக வாருங்கள்.

கடிதம் யாருக்கு? பணிப்பாளருக்கு அல்லது வைத்திய அத்தியட்சகருக்கு. பிரதியைச் சத்திரசிகிச்சை நிபுணருக்கும் மயக்க மருந்து நிபுணருக்கும் தனித்தனியே அனுப்புங்கள். சேர்ஜன் சரி என்றால் எல்லாம் சரி என்று நினைப்பதுதான் என் நண்பன் விட்ட பிழை. போதனா வைத்தியசாலைகள் நேரடியாக சுகாதார அமைச்சின் கீழ் வருகின்றன; சிறிய ஆஸ்பத்திரிகள் பல மாகாண சபையின் கீழ். நீங்கள் போகும் இடம் எதன் கீழ் என்று கேட்டு வைத்துக்கொள்ளாவிட்டால், கடிதம் ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்கு நடந்துகொண்டே இருக்கும்.

படி 3: அனுமதிப் பத்திரங்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டில் பதிவுள்ள வைத்தியர், பிறந்த ஊர் மலையகத்துப் பொகவந்தலாவையாகவே இருந்தாலும், இங்கே நோயாளியைத் தொட இலங்கை மருத்துவ சபையின் பதிவு வேண்டும். தற்காலிகமாக வருகிறவர்களுக்குத் தற்காலிகப் பதிவு முறை உண்டு. மாதக்கணக்கில் முன்கூட்டியே தொடங்குங்கள். “கேம்ப்தானே, யார் கேட்கப் போகிறார்கள்” என்ற பேச்சு வேண்டாம். ஏதாவது பிழையாகிப் போனால் மாட்டிக்கொள்வது உங்களை உள்ளே விட்ட உள்ளூர் வைத்தியர்தான்.

மருத்துவ மாணவர்களுக்கு விதி இன்னும் எளிது. உங்கள் ஊரில் செய்ய அனுமதியில்லாத எதையும் இங்கே செய்யாதீர்கள். முள்ளந்தண்டில் ஊசி போட ஆசையாக இருக்கும். யாராவது “போட்டுப் பார்” என்று சொல்லவும்கூடும். மறுத்துவிடுங்கள். எங்கள் பெரியம்மாக்களின் முதுகு பழகிப் பார்க்கிற பலகை இல்லை.

படி 4: குழுவை மயக்க மருந்திலிருந்து கட்டுங்கள்

குழுவுக்கு ஆள் சேர்க்கும்போது முதலில் மயக்க மருந்து நிபுணர், அடுத்து மயக்கம் தெளியும் அறையைப் பார்க்கத் தெரிந்த தாதி, அப்புறம் சேர்ஜன். எத்தனை மேசை ஓடலாம் என்பதை முதல் இருவரும்தான் தீர்மானிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் உலக மயக்கவியல் சங்கங்களின் கூட்டமைப்பும் 2018இல் சேர்ந்து வெளியிட்ட தரநிலைகளில் முதன்மையான விஷயம், பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியின் பக்கத்தை விட்டு அகலாமல் தொடர்ந்து இருக்க வேண்டும் என்பது. ஒருவர் இரண்டு மேசைக்கு நடுவே ஓடினால் அந்தத் தரநிலை அங்கேயே உடைகிறது.

உயரத்தையும் குளிரையும் மறக்காதீர்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீட்டர். காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். மூச்சுக்காற்றில் கரியமில வாயுவை அளக்கும் சில கருவிகளில் உயரத்தைப் பதிந்து கொடுக்காவிட்டால் காட்டும் எண் பிழையாகும். இன்னொரு சின்ன விஷயம். கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாவின் விரலில் ஒட்சிசன் அளவியை மாட்டினேன். திரையில் கோடு வரவே இல்லை. விரல் ஐஸ் மாதிரி. நுனியெல்லாம் கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்து, தோல் தடித்துப் போயிருந்தது. புதிதாக வந்திருந்த ஒரு வெளியூர் வைத்தியர் “கருவி பழுது” என்று முடிவுகட்டி வேறொன்று கேட்டார். எங்கள் மிஸ் ஒன்றும் பேசவில்லை. ஒரு கையுறையில் வெந்நீர் நிரப்பி முடிச்சுப் போட்டு அம்மாவின் உள்ளங்கையில் வைத்து மூடினார். நான்கு நிமிடத்தில் கோடு அலையலையாக எழுந்தது. 97. இரத்தசோகை உள்ளவர்களை இந்தக் கருவி காட்டிக்கொடுக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துப் பெண்களிடம் அது சாதாரணம். எண் நன்றாக இருக்கிறதென்று ஹீமோகுளோபின் பார்க்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் சத்திரசிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் 2008இல் வந்தது. எட்டு நகரங்களில் செய்து பார்த்து 2009இல் வெளியான ஆய்வில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. மயக்கம் கொடுக்குமுன், கத்தி வைக்குமுன், தியேட்டரை விட்டுப் போகுமுன் என்று மூன்று தடவை நிறுத்திக் கேட்க வேண்டும். வந்த குழுவும் உள்ளூர்க் குழுவும் கலந்து வேலை செய்யும்போது இது இரட்டிப்பு அவசியம், ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது என்பதால்.

படி 5: சாமான் அனுப்ப நினைக்கிறவர்களுக்கு

இங்கேதான் கொஞ்சம் கோபப்படப் போகிறேன்.

நான் வேலை செய்த ஓர் ஆஸ்பத்திரிக்கு ஒரு மயக்க மருந்து இயந்திரம் நன்கொடையாக வந்தது. வரவேற்க மாலை, ரிப்பன், பத்திரிகைப் படம். பெட்டியைப் பிரித்தால் கைநூல் எங்கள் யாருக்கும் தெரியாத ஒரு மொழியில். வாயுக் குழாயின் முனை எங்கள் சுவர் இணைப்புக்குள் போகவில்லை. ஒட்சிசன் உணரி காலாவதியாகியிருந்தது. அதற்கு மாற்று உள்நாட்டில் எங்கும் விற்பனைக்கு இல்லை. இயந்திரம் படிக்கட்டுக்குக் கீழே போனது. கொஞ்ச நாளில் அதன்மேல் வெள்ளைத் துணி போர்த்தினார்கள். அடுத்த மழைக்காலத்தில் அதன் கைப்பிடியில் யாரோ ஈரக் குடையை மாட்டத் தொடங்கினார்கள். குடை மாட்ட நல்ல உயரம், அதில் குறை சொல்ல முடியாது.

இது எங்களுக்கு மட்டும் நேர்வதில்லை. 16 நாடுகளின் மருத்துவக் கருவிகளைக் கணக்கெடுத்து 2011இல் வெளியான ஆய்வொன்றில் 38 சதவீதம் வேலை செய்யாமல் கிடந்தன. ஆகவே, அனுப்புமுன் இவற்றைப் பாருங்கள்.

மின்சாரம்: இலங்கையில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். வட அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். மின்மாற்றி போட்டால் சரிவரும் என்று எல்லாக் கருவிக்கும் நம்ப முடியாது.

தேய்மானச் சாமான்: கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைம், உணரிகள், பேட்டரி, வடிகட்டி. இயந்திரம் ஒரு தடவைச் செலவு, இவை மாதாமாதச் செலவு. உள்நாட்டில் முகவர் இல்லாத கருவி வேண்டவே வேண்டாம்.

ஆவியாக்கி: திரவ மயக்க மருந்தை வாயுவாக்கும் பாகம். எந்த மருந்துக்கானது என்று பாருங்கள். ஆஸ்பத்திரியில் இல்லாத திரவத்துக்கான ஆவியாக்கி அழகுப் பொருள்தான்.

பழுதுபார்ப்பவர்: சுகாதார அமைச்சின் உயிர்மருத்துவ பொறியியல் சேவைப் பிரிவோடு, சாமான் கப்பலில் ஏறுமுன்பே பேசுங்கள். கருவி தங்கள் ஏட்டில் பதியப்பட்டால்தான் அவர்களால் திருத்த முடியும்.

மருந்தென்றால் இன்னும் கவனம் தேவை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதி நன்கொடைக்கும் வேண்டும். வந்திறங்கும்போது குறைந்தது ஒரு வருட ஆயுள் மீதியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அலுமாரியைச் சுத்தம் செய்து காலாவதிக்குக் கிட்டிய மருந்தை அனுப்புவது குப்பையை ஏற்றுமதி செய்வதுதான்.

கேட்டுக் கொடுத்தால் சின்னப் பொருளும் மலையை நகர்த்தும். 2022 மார்ச் கடைசியில் பேராதனை போதனா வைத்தியசாலையில் மருந்துத் தட்டுப்பாட்டால் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. இல்லாமல் போனவற்றில் ஒன்று நியோஸ்டிக்மின். தசை தளர்த்தும் மருந்தின் வேலையை முடித்து நோயாளியைத் தானாக மூச்சுவிட வைக்கும் ஊசி. விரல் நீளக் குப்பி. அந்தக் கிழமை யாராவது எங்களுக்கு லேசர் இயந்திரம் தருகிறேன் என்றிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று யோசித்துப் பாருங்கள்.

படி 6: கையை விடக் கற்பித்தல் அதிக நாள் நிற்கும்

1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மானிப்பாயில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மேலைத்தேய மருத்துவம் கற்பித்தார். பிறகு தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கி, மருத்துவ நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அவரிடம் படித்து வைத்தியரானவர்கள் அறுபதுக்கும் மேல். அவர் அறுத்துச் சுகப்படுத்திய நோயாளிகள் எத்தனை பேர் என்று எனக்கு ஞாபகமில்லை. அந்த அறுபது ஞாபகமிருக்கிறது.

இன்றைக்கு ‘சேஃப்’ என்ற மூன்று நாள் மயக்க மருந்துப் பயிற்சி பிரசவத்துக்கும் சிறுவர்களுக்கும் தனித்தனியாக இருக்கிறது. பாடத்திட்டம் தயாராக இருக்கிறது, உள்ளூரில் பயிற்றுநர்களை உருவாக்கும் பகுதியும் உண்டு. வருகிறவர்கள் புதிதாக ஒரு பாடம் கண்டுபிடிக்கத் தேவையில்லை. இலங்கை மயக்கவியல் நிபுணர்கள், சத்திரசிகிச்சை நிபுணர்கள் ஆகியோரின் கல்லூரிகளோடு, அதாவது அவர்களின் தொழில்சார் அமைப்புகளோடு, பேசி, அவர்களுடைய நாட்காட்டிக்குள் நுழையுங்கள். ஒரே ஆஸ்பத்திரிக்கு வருடத்துக்கு ஒரு கிழமை, ஐந்து வருடம் தொடர்ந்து வருகிற ஒருவர், ஐந்து நாடுகளுக்கு ஒவ்வொரு தடவை போகிறவரை விட எங்களுக்கு உறவுக்காரர் ஆகிறார். இடைப்பட்ட மாதங்களில் ஸூமில் ஒரு கேஸ் பற்றிப் பேசுங்கள். இங்கே சிலவேளை நெட் விழும், கோபிக்கக் கூடாது.

படி 7: மொழியும் ஒரு சத்திரசிகிச்சைக் கருவிதான்

தமிழ் வாசகர்களாகிய உங்களால் லண்டன்காரரை விட நன்றாகச் செய்யக்கூடியது இது. மலையகத்து வார்டுகளில் நோயாளர் தமிழ் பேச, படிவமோ பேச்சோ சிங்களத்தில் நடப்பது சர்வசாதாரணம். சிங்களத் தாதியர் பலர் அன்பானவர்கள், கைகாட்டிப் புரியவைக்கப் பாடுபடுகிறவர்கள். ஆனால் கைகாட்டி ஒப்புதல் வாங்க முடியாது.

ஒரு காலை லிஸ்ட். வயதான ஓர் அம்மா, வயிற்றில் கட்டி. முழு மயக்கம் கொடுக்கப்போகிறோம்.

“அம்மா, காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“ஒண்ணும் சாப்பிடலைங்கய்யா.”

அவருடைய டிக்கட்டிலும் (வார்டுக் குறிப்பிலும்) ‘வெறுவயிறு’ என்றுதான் எழுதியிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று கேட்டேன். “குடிச்சீங்களா?”

“தேத்தண்ணி மட்டுந்தாங்க. மகன் பால்மா போட்டு ஊத்திக் குடுத்தான். ரெண்டு துண்டு ரொட்டி தொட்டுக்கிட்டேன். அது சாப்பாடு இல்லீங்களே.”

அவர் பொய் சொல்லவில்லை. சாப்பாடு என்றால் சோறு. ரொட்டி தேத்தண்ணியோடு சேர்ந்தது. வயிற்றில் பாலும் ரொட்டியும் இருக்கும்போது மயக்கம் கொடுத்தால் அது மேலெழும்பி நுரையீரலுக்குள் போகலாம், உயிரே போகலாம். லிஸ்டின் கடைசிக்கு அவரைத் தள்ளிவைத்தோம்.

ஆகவே ‘சாப்பிட வேண்டாம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். பெரியவர்களுக்கு இப்படி எழுதுங்கள்: சோறு, ரொட்டி, பிஸ்கட், பால், பால்மா போட்ட தேத்தண்ணி, ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீரும் பால் சேர்க்காத பிளேன்டியும் இரண்டு மணி நேரத்துக்கு முன்வரை குடிக்கலாம். ஆஸ்பத்திரி வேறு விதமாகச் சொன்னால் அதையே கேளுங்கள். இதைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் அடித்து, படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கோப்பை, ரொட்டி படம் போட்டுக் கொடுத்தால், அது விமானம் ஏறாமலே செய்யக்கூடிய உலக சத்திரசிகிச்சைப் பணி. மயக்க மருந்துப் பிரிவு பார்த்துச் சரிசொன்ன பிறகு ஒட்டுங்கள்.

ஒப்புதல் விஷயத்திலும் அப்படித்தான். “கர்ப்பப்பையை எடுக்கப் போறோம்” என்பதை அந்தப் பெண்ணிடமே, புருஷனோ தோட்டத்துத் தலைவரோ பக்கத்தில் நிற்காமல், தமிழில் சொல்லி, அவர் தன் வாயால் திருப்பிச் சொல்லக் கேளுங்கள். மொழிபெயர்க்கப் பிள்ளைகளைக் கூப்பிடாதீர்கள். தியேட்டரில் செல்ஃபி வேண்டாம். மயங்கிக் கிடப்பவர் சம்மதம் சொல்லவில்லை.

படி 8: வைத்தியம் படிக்காதவர்களுக்கு

சத்திரசிகிச்சை இலவசம், ஆனால் அதற்குப் போய்வருவது இலவசமில்லை. நோயாளிக்கும் துணைக்கு வருகிறவருக்கும் பேர் விழாது, அதாவது அன்றைய சம்பளம் போய்விடும். ஓட்டோக் கூலி, துணைக்கு இருப்பவரின் சாப்பாடு, வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க ஆள். இதனாலேயே கொடுத்த திகதிக்கு வராமல் போகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். ஓர் ஊர்ச் சங்கம் இந்தச் செலவை மட்டும் பொறுப்பெடுத்தாலே லிஸ்ட் நகரும். ஆஸ்பத்திரியோடு பேசி இரத்ததான முகாம் வைக்கலாம். வார்டில் மொழி உதவிக்கு நிற்கலாம். காசை யாருக்கு, எதற்குக் கொடுத்தீர்கள் என்று கொப்பியில் எழுதிவையுங்கள். நோயாளியின் படத்தை முகநூலில் போடாமல் கணக்கை மட்டும் காட்டுங்கள்.

படி 9: திரும்பிப் போன பிறகு

எத்தனை கேஸ் செய்தோம் என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அறிக்கை எழுதாதீர்கள். எத்தனை பேருக்குக் காயம் பழுத்தது, எத்தனை பேர் மறுபடி தியேட்டருக்கு வந்தார்கள், முப்பதாம் நாள் எத்தனை பேர் உயிரோடும் நலமாகவும் இருக்கிறார்கள், இவையும் வேண்டும். ஆய்வுக் கட்டுரையாக்குவதென்றால் உள்ளூர் நெறிமுறைக் குழுவின் அனுமதியைத் தொடங்குமுன் எடுங்கள். தரவு சேகரித்த உள்ளூர் வைத்தியரின் பெயர் நன்றி சொல்லும் பகுதிக்குள் ஒதுங்கிவிடாமல் ஆசிரியர் வரிசையில் இருக்கட்டும்.

முப்பதாம் நாள் விசாரிக்க ஒரு வழி சொல்லித் தருகிறேன். பல லயங்களில் சிக்னல் எடுக்காது, நோயாளியின் சொந்த நம்பர் பாதி நேரம் வேலை செய்யாது. அதனால் வார்டிலிருந்து அனுப்பும்போதே இரண்டாவது நம்பரொன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் கொப்பியில் அந்தப் பத்தியில் இப்படித்தான் இருக்கும்: “கோயிலடிக் கடை. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு எடுக்கவும். கடைக்கார அண்ணன் ஆளனுப்பிக் கூப்பிடுவார். பத்து நிமிடம் கழித்துத் திரும்ப எடுக்கவும்.”